ஃபேன் ஓடுது, நெருப்புப் பற்றவில்லை

கைவேலைக் கேள்வி பதில்

கனடாவில் அக்டோபரில் வரும் தாங்ஸ்கிவிங் விடுமுறை நெருங்கினால் இந்தப் பக்கத்துக்கு வரும் கேள்விகளும் மாறிவிடும். கோடையில் ஏசியையும் ஃபிரிட்ஜையும் பற்றிக் கேட்டவர்கள் இப்போது குளிருது என்று எழுதுகிறார்கள். பழைய காம்பிங் ட்ரெய்லர் வாங்கும் நம்மாட்கள் கூடிவிட்டார்கள். ட்ரெய்லரோடு சேர்த்து, காஸை எரித்து உள்ளே சூடேற்றும் ஒரு பழைய ஃபர்னஸையும் வாங்கியிருக்கிறோம் என்பது முதல் குளிர் இரவில்தான் உறைக்கும். ஆகவே இந்த மாதம் முழுக்க அதுதான்.

கேள்வி: வணக்கம் அண்ணை. இந்த வசந்தத்தில் 1994ஆம் ஆண்டு ட்ரெய்லர் ஒன்று வாங்கினேன், 21 அடி. வீட்டு வாசலில் பிளக் செய்து பார்த்தபோது ஃபர்னஸ் நன்றாக எரிந்தது. அல்கொன்குயின் பூங்காவில் மியூ லேக் காம்பிங் இடத்துக்குப் பிள்ளைகளோடு போனோம். மின்சாரம் உள்ள இடம் கிடைக்கவில்லை. இரவு தெர்மோஸ்டாட்டைக் கூட்டினால் ஃபேன் ஓடுகிறது, குளிர்காற்று வருகிறது, அவ்வளவுதான். ஸ்பார்க் அடிக்கிற சத்தம்கூட இல்லை. சிலிண்டர் நிறையக் காஸ் இருந்தது. சர்க்கிட் போர்ட் போய்விட்டது என்கிறார் ஒரு நண்பர். ரெகுலேற்றரை மாற்று என்கிறார் இன்னொருவர். எதை வாங்குவது?
— வாசகர், பிராம்ப்டன்

பதில்: தம்பி, இரண்டையும் வாங்க வேண்டாம். வீட்டில் பிளக் செய்தால் எரிகிறது, காட்டில் பற்றரியில் எரியவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். காஸ் இரண்டு இடத்திலும் அதே காஸ்தான். மாறியது மின்சாரம் மட்டும். பற்றரியைப் பிடியுங்கள்.

புரொப்பேன் ஃபர்னஸ் என்றதும் எல்லாருக்கும் கை காஸ் பக்கமே போகிறது. அதற்குள் நடப்பதில் பெரும்பகுதி 12 வோல்ட் மின்சாரத்தின் வேலை. அது நடக்கும் ஒழுங்கைத் தெரிந்துகொண்டால் இருட்டில் காதை வைத்தே எங்கே நின்றது என்று சொல்லிவிடலாம்.

தெர்மோஸ்டாட் சூடு கேட்டவுடன் முதலில் ஓடுவது ஃபேன். உங்களுடையது போன்ற பழைய ட்ரெய்லர்கள் பலவற்றில் ஃபேனுக்கு முன்னால் ஒரு டைம் டிலே ரிலே இருக்கும். அதனால் அரை நிமிடம் வரை ஒன்றுமே நடக்காதது போலத் தோன்றும். பொறுங்கள். ஃபேன் வேகமெடுத்ததும் அதன் காற்று மெல்லிய தகடு ஒன்றைத் தள்ளும். அந்தத் தகடு ஒரு சிறிய சுவிட்சோடு ஒட்டியிருக்கிறது. அதற்கு சேல் சுவிட்ச் என்று பெயர். ஃபேன் தன் முழு வேகத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கை எட்டினால்தான் தகடு முழுவதும் நகர்ந்து சுவிட்ச் மூடி மின்சாரத்தைப் போகவிடும். அதற்குப் பிறகு லிமிட் சுவிட்ச்: இது எப்போதும் மூடியே இருக்கும், உள்ளே சூடு அளவுக்கு மீறினால் மட்டும் திறந்து எல்லாவற்றையும் நிறுத்தும். இந்த இரண்டையும் தாண்டித்தான் சர்க்கிட் போர்டுக்கு மின்சாரம் போகிறது. போர்ட் உடனே காஸைத் திறக்காது. பழைய காஸ் ஏதும் அறைக்குள் தங்கியிருந்தால் வெளியே போகட்டும் என்று 15 விநாடி அளவில் ஃபேனை மட்டும் ஓடவிடும். அப்புறம் வால்வு திறக்கும் ‘டக்’, கூடவே ஸ்பார்க்கின் ‘டிக் டிக் டிக்’, பிறகு நெருப்புப் பற்றும் ‘வுஃப்’. ஏழு விநாடிக்குள் நெருப்பு தெரியாவிட்டால் காஸை மூடிவிடும். சில பழைய போர்டுகள் ஒருமுறை முயன்று கைவிடும். பின்னால் வந்தவை மூன்று முறை முயலும்.

உங்களுக்கு ஃபேன் சத்தம் வந்தது, ‘டக்’ வரவில்லை. ஆகவே சேல் சுவிட்சுக்கும் போர்டுக்கும் இடையில் நின்றிருக்கிறது. பற்றரியில் மட்டும் நிற்பதால், ஃபேன் சுற்றினாலும் அந்த முக்கால் வேகத்தை எட்டவில்லை என்றே சொல்வேன். காதுக்கு வித்தியாசம் தெரியாது. தகட்டுக்குத் தெரியும்.

இருபது, முப்பது டொலருக்கு ஒரு மல்டிமீற்றர் வாங்குங்கள். போர்டுக்கு வைத்திருந்த காசில் கொஞ்சம்தான் போகும். பற்றரியை நன்றாகச் சார்ஜ் செய்து, சார்ஜரைக் கழற்றி, சில மணி நேரம் விட்டு அளந்தால் 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. இது ஓய்வில் எடுத்த கணக்கு, முக்கியமானது அடுத்தது. ஃபர்னஸை ஓடவிட்டு, ஃபேன் சுற்றும்போதே, ஃபர்னஸுக்குள் போகும் இரண்டு வயருக்கும் இடையில் அளந்து பாருங்கள். 12க்கு மேல் இருந்தால் நல்லது. 10.5 பக்கம் இறங்கினால் ஃபேன் ஓடும், நெருப்பு வராது.

இப்போது இரண்டு வழி. பற்றரி முனையிலேயே 10.5 என்றால் பற்றரி முடிந்துவிட்டது, புதிது போடுங்கள். பற்றரி முனையில் 12.4, ஃபர்னஸில் 10.8 என்றால் நடுவில் யாரோ வழியில் சாப்பிடுகிறார்கள். 1994ஆம் ஆண்டு ட்ரெய்லரில் அது பெரும்பாலும் கிரவுண்ட் வயர், அதாவது மின்சாரம் பற்றரிக்குத் திரும்பிப் போகும் வழி. சட்டத்து இரும்பில் ஒரு திருகாணியால் பிடித்திருப்பார்கள். பனிக்கு உப்புத் தூவும் தெருக்களில் முப்பது வருடம் ஓடி அந்தத் திருகாணி துருப்பிடித்திருக்கும். கழற்றி, இரும்பு பளபளக்க உரஞ்சி, மறுபடி இறுக்குங்கள். ஃபியூஸின் கால்களையும், நசுக்கிப் பிடித்த வயர் மூட்டுகளையும் இழுத்துப் பாருங்கள். தொட்டுப் பார்க்கச் சூடாக இருக்கும் மூட்டுத்தான் குற்றவாளி.

வீட்டில் ஏன் எரிந்தது என்றால், பிளக் செய்ததும் ட்ரெய்லரின் கன்வேர்ட்டர் 13 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கும். இருக்கிற பழுதை அது மூடிவிடும். விற்றவர் பொய் சொன்னார் என்று நினைக்க வேண்டியதில்லை. அவர் காட்டியபோது உண்மையாகவே எரிந்திருக்கும்.

ஒரு இரவுக்குப் பற்றரி தாங்குமா என்று அடுத்துக் கேட்பீர்கள். உங்கள் அளவு ட்ரெய்லரின் ஃபேன் ஐந்து ஆம்பியர் போல இழுக்கும் என்று வையுங்கள். அக்டோபர் இரவில் பாதி நேரம் ஓடினால் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு 30 ஆம்பியர்-அவர். சாதாரண குரூப் 24 பற்றரி 80 ஆம்பியர்-அவர் அளவில் வரும். அதில் பாதியைத்தான் எடுக்கலாம், அதற்குக் கீழே போனால் பற்றரியின் ஆயுள் குறையும். ஆக ஒரு இரவு போகும். விளக்கு, தண்ணீர்ப் பம்ப், பிள்ளைகளின் போன் சார்ஜ் எல்லாம் சேர்ந்தால் இரண்டாவது இரவு விடியமுன் குளிரும். இரண்டு பற்றரி போடுங்கள், அல்லது மின்சாரம் உள்ள இடத்தை முற்கூட்டியே பதிவு செய்யுங்கள். மியூ லேக் குளிர்காலத்திலும் திறந்திருக்கும். மேப்பிள் சிவக்கும் வாரங்களில் இடம் பிடிப்பதுதான் பாடு.

வோல்ட்டேஜ் நன்றாக இருந்தும் ‘டக்’ வராவிட்டால் மட்டும் உள்ளே பாருங்கள். சேல் சுவிட்சின் தகட்டில் நாய்முடியோ, துணிப் பஞ்சோ, எலி கொண்டுவந்த குப்பையோ சிக்கியிருக்கும். துடைத்துவிட்டு விரலால் தள்ளினால் மெல்லிய ‘கிளிக்’ கேட்க வேண்டும். அதன் பிறகும் இல்லையென்றால் போர்டைக் கழற்றி, அதன் விளிம்பில் உள்ள செப்புத் தொடுமுனைகளைப் பென்சில் அழிறப்பரால் தேய்த்துத் திரும்பச் சொருகுங்கள். போர்ட் போய்விட்டது என்று எறியப்பட்டவற்றில் எத்தனையோ இப்படி உயிர்த்திருக்கும்.

இன்னொன்று. சேல் சுவிட்சின் இரண்டு வயரையும் முறுக்கிக் கட்டி ‘பைபாஸ்’ செய்தால் உடனே எரியும் என்று யாராவது சொல்வார்கள். எரியும்தான். ஒரே மோட்டாரின் ஒரு பக்கச் சில்லு உங்கள் அறைக் காற்றைத் தள்ளுகிறது. மறுபக்கச் சில்லு நெருப்புக்கு வெளிக்காற்றை இழுத்து, புகையை வெளியே விடுகிறது. ஃபேன் மெதுவாகச் சுற்றும்போது நெருப்புக்குக் காற்றுப் போதாது. போதாத காற்றில் எரியும் நெருப்பு கார்பன் மொனொக்சைட்டை உண்டாக்கும். அந்தத் தகடு உங்கள் பிள்ளைகளுக்குக் காவல் நிற்கிறது. அதன் வாயைக் கட்டாதீர்கள்.

கேள்வி: எங்கள் காம்பர் 1989. ஃபர்னஸ் பற்றும், சத்தமும் நன்றாகக் கேட்கும், சில விநாடியில் அணைந்துவிடும். மூன்று தரம் இப்படி. பிறகு வெறும் ஃபேன்தான். தேத்தண்ணி வைத்துக்கொண்டிருந்தபோது ஃபர்னஸ் பற்றினால் அடுப்பு நெருப்பும் சிறுத்துப் போகிறது. இவர் போர்ட் மாற்றுவோம் என்கிறார்.
— வாசகி, ஸ்காபரோ

பதில்: அக்கா, தேத்தண்ணி வைத்ததில்தான் நீங்கள் பழுதைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். ஃபர்னஸ் வால்வு திறந்ததும் அடுப்பு சிறுத்தால், இரண்டுக்கும் போதிய காஸ் வரவில்லை. இங்கே போர்டுக்கு வேலை இல்லை.

முதலில் செலவில்லாத காரணத்தைப் பாருங்கள். சிலிண்டரில் கையால் திருகும் பிளாஸ்டிக் நட் உள்ள இணைப்புத்தானே? அதற்குள் ஒரு பாதுகாப்பு இருக்கிறது: காஸ் திடீரென்று அதிகமாகப் பாய்ந்தால், குழாய் அறுந்துவிட்டது என்று எண்ணி, ஒரு சொட்டு அளவுக்குக் குறைத்துவிடும். சிலிண்டர் வால்வைச் சடாரென்று திறந்தாலும் அது அப்படியே எண்ணிக்கொள்ளும். அடுப்புக்கு அந்தச் சொட்டுப் போதும், ஃபர்னஸுக்குப் போதாது. எல்லாவற்றையும் அணைத்து, சிலிண்டரை மூடி, சில நிமிடம் பொறுத்து, வால்வை மிக மெதுவாகத் திறவுங்கள். பல வீடுகளில் கதை இதோடு முடியும்.

முடியாவிட்டால் ரெகுலேற்றர். ட்ரெய்லரின் எல்லா அடுப்பும் ஹீற்றரும் 11 அங்குல நீர் அழுத்தத்தில் வேலை செய்யும்படி செய்தவை. அது மிகச் சிறிய அழுத்தம். தெளிவான பிளாஸ்டிக் குழாயை ‘ப’ போல வளைத்துத் தண்ணீர் விட்டு ஒரு முனையைக் காஸில் பொருத்தினால், இரண்டு பக்கத் தண்ணீருக்கும் இடையில் 11 அங்குலம் ஏற்ற இறக்கம் காட்டும் அளவு. எல்லாம் எரியும்போதும் இது பெரிதாக இறங்கக் கூடாது. காஸ் டெக்னீசியன் ஐந்து நிமிடத்தில் அளந்து சொல்வார். 1989இல் ட்ரெய்லரோடு வந்த ரெகுலேற்றர்தான் இன்னும் தொங்குகிறது என்றால் அளக்கவே வேண்டாம், மாற்றச் சொல்லுங்கள். அதன் மூச்சுத் துளை நிலத்தைப் பார்த்து இருக்கும்படி பூட்டச் சொல்லுங்கள். மேலே பார்த்தால் மழை உள்ளே போகும், பிறகு அது பனியாகும்.

காஸ் சரியாக வந்த பிறகும் பற்றிப் பற்றி அணைந்தால், போர்டுக்கு நெருப்புத் தெரியவில்லை. ஸ்பார்க் அடிக்கும் கம்பியே நெருப்பைக் காணும் கண்ணும். நெருப்பின் ஊடாக மைக்ரோ ஆம்பியர் கணக்கில் ஒரு நுண்ணிய மின்னோட்டம் ஓடும். போர்ட் அதைத்தான் தேடுகிறது. கம்பியில் கரி படிந்தாலோ, வெள்ளைப் பீங்கான் வெடித்தாலோ, பர்னரின் கிரவுண்ட் துருப்பிடித்தாலோ அந்த மின்னோட்டம் போர்டை எட்டாது. கம்பியின் நுனியை மெல்லிய உப்புத்தாளால் துடைத்து, இடைவெளி மூன்று மில்லிமீற்றர் அளவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வளைக்கும்போது பீங்கானைப் பிடித்து வளைக்காதீர்கள், முறிந்துவிடும்.

எந்த மூட்டில் கைவைத்த பிறகும் சவர்க்காரத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். நெருப்புக்குச்சி கொளுத்திப் பார்க்கும் ஆட்கள் இன்னமும் இருக்கிறார்கள் என்று கேள்வி. காஸ் குழாயைக் கழற்ற வேண்டி வந்தால் அது உங்கள் வேலையுமல்ல, இவருடைய வேலையுமல்ல. ஒன்ராறியோவில் அதற்கு, காஸ் பாதுகாப்பைக் கவனிக்கும் டி.எஸ்.எஸ்.ஏ. அமைப்பின் சான்றிதழ் உள்ளவர் வேண்டும். வருபவரிடம் அட்டையைக் கேட்டுப் பார்ப்பதில் வெட்கமில்லை.

கேள்வி: இரவில் இரண்டு முறை கார்பன் மொனொக்சைட் அலாரம் அடித்தது. பழைய அலாரம், சும்மா அடிக்கும் என்று என் கணவர் பற்றரியைக் கழற்றி வைத்துவிட்டார். காலையில் எல்லாருக்கும் தலையிடி. ஃபர்னஸின் வெளிப்புகைக் குழாயைச் சுற்றி ட்ரெய்லர்ச் சுவரில் கறுப்பாகப் படிந்திருக்கிறது. இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா?
— வாசகி, மார்க்கம்

பதில்: உண்டு. இதை அச்சுக்கு முன்பே உங்களுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டோம். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். அந்த ஃபர்னஸை இனி ஒருதரமும் போடாதீர்கள். தெர்மோஸ்டாட்டை அணைத்தால் போதாது, ஃபியூஸைக் கழற்றி, சிலிண்டரையும் மூடிவிடுங்கள்.

புரொப்பேன் ஒழுங்காக எரிந்தால் நெருப்பு நீலமாக இருக்கும், கரி விடாது. சுவரில் கறுப்பு என்றால் காற்றுப் போதாமல் மஞ்சளாக எரிகிறது. அப்படி எரிந்தால் கார்பன் மொனொக்சைட் உண்டாகும். இருந்தும் ஃபர்னஸ் பழுதில்லாமல் இருந்தால் அது ட்ரெய்லருக்குள் வரக் கூடாது: இந்த ஃபர்னஸ்கள் நெருப்புக்கு வெளிக்காற்றை எடுத்து, மூடிய இரும்பு அறைக்குள் எரித்து, புகையை வெளியே விடுபவை. உங்கள் அறைக்காற்று அந்த இரும்பின் வெளிப்புறத்தைத் தொட்டுச் சூடாகி வருகிறது, அவ்வளவுதான். புகை உள்ளே வந்திருக்கிறது என்றால் அந்த இரும்பு வெடித்திருக்கலாம், துருவால் ஓட்டையாகியிருக்கலாம், புகைக்குழாய் தன் இடத்தை விட்டு விலகியிருக்கலாம். வெடித்த அறையை ஒட்டுவதற்குப் பசை கிடையாது. புது ஃபர்னஸ்தான். இந்த ஒரு இடத்தில் மட்டும் ‘மாற்றுங்கள்’ என்று யோசிக்காமல் சொல்வேன்.

கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமுமில்லை, நிறமுமில்லை. காஸ் மணக்கிறதே என்று நாம் நினைப்பது, கசிவு தெரியட்டும் என்று புரொப்பேனில் கலக்கும் மணம். எரிந்த பிறகு அது இராது. இரத்தத்தில் ஒட்சிசன் இருக்க வேண்டிய இடத்தை கார்பன் மொனொக்சைட் ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தலையிடி, குமட்டல், அசதி. காய்ச்சல் இராது. ஒரே நேரத்தில் எல்லாருக்கும் வந்து, வெளியே போனதும் குறைந்தால் சளி, தடிமன் என்று நினைக்காதீர்கள். எல்லாரையும் வெளியே கொண்டுவந்து 911ஐ அழையுங்கள்.

2008 டிசம்பரில் ஒன்ராறியோ வுட்ஸ்டாக்கில் ஹாக்கின்ஸ் குடும்பத்தில் தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள் நால்வரும் இறந்தார்கள். காஸ் நெருப்பிடத்தின் புகைவழி அடைத்திருந்தது, வீட்டில் அலாரம் இல்லை. வீடுகளில் கார்பன் மொனொக்சைட் அலாரத்தைக் கட்டாயமாக்கி 2013இல் ஒன்ராறியோ நிறைவேற்றிய சட்டம் அந்தக் குடும்பத்தின் பெயரையே தாங்கி நிற்கிறது. அது ஒரு முழு வீடு. உங்கள் ட்ரெய்லர் அதில் ஓர் அறைகூட வராது. அது நச்சுக்காற்றால் நிரம்பக் குறைவான நேரம் போதும்.

அலாரம் பழசு என்று கணவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். பழசானால் புதிது வாங்க வேண்டும், பற்றரியைக் கழற்றக் கூடாது. பின்பக்கத்தில் திகதி இருக்கும். பொதுவாக ஐந்திலிருந்து பத்து வருடத்துக்குள் முடியும், மாடலைப் பொறுத்தது. காஸ் கசிவு அலாரம் வேறு, இது வேறு. புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு பாரமானது, நிலத்தில் தேங்கும். அதனால் அந்த அலாரத்தை நிலத்தோடு பூட்டுவார்கள். இரண்டும் வேண்டும்.

கேள்வி: ஃபர்னஸ் வேலை செய்யாத இரவில் மட்டும் அடுப்பை எரியவிட்டுப் படுக்கலாமா? ஜன்னலை ஒரு விரல் திறந்துதான்.
— வாசகர், மிசிசாகா

பதில்: கூடாது. மேலே உள்ள பதிலைத் திரும்ப வாசியுங்கள். அடுப்புக்கு வெளிக்காற்றும் புகைக்குழாயும் இல்லை, உங்கள் மூச்சுக் காற்றைத்தான் அதுவும் எரிக்கிறது. போதாததற்கு எரியும் புரொப்பேன் நீராவியும் விடும். காலையில் ஜன்னல், மெத்தை, கூரை எல்லாம் ஈரம். நல்ல ஸ்லீப்பிங் பாக், தலைக்குத் தொப்பி. இல்லையென்றால் காரைத் திருப்புங்கள்.

கேள்வி: பிப்ரவரியில் காம்பிங் போக ஆசை. மைனஸ் 20இல் சிலிண்டருக்குள் காஸ் உறைந்துவிடும் என்று மாமா சொல்கிறார். உண்மையா?
— வாசகர், ஏஜாக்ஸ்

பதில்: மாமா ஊர்க் காஸை நினைத்துச் சொல்கிறார் போலிருக்கிறது, அதில் ஒரு நியாயமும் உண்டு. இலங்கையில் சமையலுக்கு வரும் சிலிண்டரில் பியூட்டேன்தான் கூட. 2021 இறுதியில் அங்கே காஸ் அடுப்புகள் அடுத்தடுத்து வெடித்தபோது புரொப்பேனும் பியூட்டேனும் எந்த விகிதத்தில் கலக்கப்பட்டன என்று நாடு முழுக்கப் பேசியது நினைவிருக்கும். பியூட்டேன் பூச்சியத்துக்குச் சற்றுக் கீழேயே ஆவியாவதை நிறுத்திவிடும். அதை இங்கே பிப்ரவரியில் கொண்டுவந்தால் சிலிண்டர் நிறைய இருந்தும் அடுப்பு எரியாது. புரொப்பேன் மைனஸ் 42 பாகை செல்சியசில் கொதிக்கும். அதனால்தான் கனடாவில் காம்பருக்குப் புரொப்பேன். மைனஸ் 20இல் அது தாராளமாக ஆவியாகும்.

ஆனால் ஆவியாகும்போது தன் சூட்டையே எடுத்துக்கொண்டு போகிறது. ஃபர்னஸ் தொடர்ந்து இழுத்தால் சிலிண்டர் வெளிக்காற்றைவிடவும் குளிர்ந்து, பக்கத்தில் வெள்ளையாகப் பனி பிடிக்கும், அழுத்தம் இறங்கும். கால்வாசிச் சிலிண்டரில் இது இன்னும் மோசம், திரவம் தொடும் சிலிண்டர்ச் சுவர் குறைவு, அதனால் வெளியிலிருந்து எடுக்கும் சூடும் குறைவு. குளிர்காலத்தில் பாதிக்குக் கீழே போகமுன் மாற்றிவிடுங்கள்.

எவ்வளவு எடுத்துப் போவது? ஒரு இறாத்தல் புரொப்பேனில் ஏறத்தாழ 21,500 பி.டி.யூ. சூடு இருக்கிறது (பி.டி.யூ. என்பது சூட்டை அளக்கும் அலகு). 20,000 பி.டி.யூ. ஃபர்னஸ் நிற்காமல் எரிந்தால் மணித்தியாலத்துக்கு ஒரு இறாத்தல் என்று வையுங்கள். 20 இறாத்தல் சிலிண்டர் ஏறக்குறைய இருபது மணித்தியால நெருப்பு. மைனஸ் 20இல் பழைய ட்ரெய்லரின் சுவர் வழியாகச் சூடு ஓடுகிற ஓட்டத்துக்கு ஃபர்னஸ் ஓய்வே எடுக்காது. ஒரு இரவுக்கு ஒரு சிலிண்டர், மேலதிகமாக ஒன்று. சிலிண்டருக்கு அடியில் மெழுகுதிரி வைக்கும் யோசனை யாருக்காவது வந்தால் அந்த ஆளை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.

கேள்வி: ஒவ்வொரு வசந்தத்திலும் முதல்முறை ஃபர்னஸ் போடும்போது கருகிய மணம் வருகிறது. ஒரு வருடம் எலிக்கூடு, ஒரு வருடம் குளவிக்கூடு. வெளிக்குழாய்க்கு வலை போட்டுவிடவா?
— வாசகர், விற்பி

பதில்: சேமிப்பில் நிற்கும்போது போடுங்கள், ஓடும்போது கழற்றிவிடுங்கள். அந்த வலை கொஞ்சம் தூசியோ பனியோ பிடித்தாலே காற்று குறைந்து, நாம் இவ்வளவு நேரம் கதைத்த வில்லங்கமெல்லாம் வரும். சில கம்பனிகளின் கையேட்டில் வலை கூடாது என்றே எழுதியிருக்கிறது. மறக்காமலிருக்க, வலையில் ஒரு சிவப்பு நாடாவைக் கட்டி மறுநுனியைத் தெர்மோஸ்டாட்டில் ஒட்டிவைக்கிற ஒருவரை எனக்குத் தெரியும். நல்ல வேலை.

வசந்தத்தில் தூசி மட்டும் கருகினால் பத்து நிமிடத்தில் மணம் போய்விடும். கதவு ஜன்னலைத் திறந்து வைத்து ஓடவிடுங்கள். போகாவிட்டால் அணைத்து, குழாயை டோர்ச் அடித்துப் பாருங்கள். மண்குளவி களிமண்ணால் பர்னர்க் குழாயையே அடைத்துவிடும், சிலந்தி வலை கண்ணுக்கே தெரியாது. எலிக்கூடு என்றால் காய்ந்த குப்பையை வக்கூம் கிளீனரால் இழுக்காதீர்கள், தூசி பறக்கும். கையுறையும் முகமூடியும் போட்டு, பிளீச் கலந்த தண்ணீரால் நனைத்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, காகிதத்தால் அள்ளுங்கள். எலி வந்த ஓட்டையை இரும்புப் பஞ்சால் அடையுங்கள். ஃபோமை அது ஒரே இரவில் தின்றுவிடும்.